உள்ளே இருக்கிறவள்

கீழ்க்கட்டளையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர், சாயங்காலம் ஆறு மணி அடித்தால் லண்டனுக்குப் போய்விடுவார். விமானச் செலவு கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு தட்டு வறுத்த கடலையை வைத்துக்கொண்டு, நாற்பது வருஷத்துக்கு முந்திய பிரிட்டிஷ் டெலிவிஷன் தொடர் ஒன்றை ஓட விடுவார், அவ்வளவுதான். கீழே ரேடியல் ரோட்டில் தண்ணீர் லாரிகள் உறுமுகிற உறுமல் அவர் காதில் விழாது. ஈஸ்ட்ஹாமில் அவர் குடியிருந்த வீட்டு ஜன்னலில் மழை சொட்டுகிற சத்தந்தான் விழும்.

1974-இல் சீமைக்குப் போனவர். உழைத்துக் களைத்து, ஓய்வு பெற்று, "கடைசிக் காலத்தில் காவேரித் தண்ணீர் இல்லாவிட்டாலும் லாரித் தண்ணீராவது தமிழ்நாட்டுத் தண்ணீராக இருக்கட்டும்" என்று திரும்பி வந்தார். வந்த பிறகு அவருக்கு லண்டன் ஞாபகம். அங்கே இருந்தபோது ஊர் ஞாபகம். மனித ஸ்வபாவம் அப்படி.

போன மாதம் ஒருநாள் நான் போயிருந்தபோது, 'ரம்போல் ஆஃப் தி பெய்லி' ஓடிக்கொண்டிருந்தது. வக்கீலாகவே தொழில் செய்த ஜான் மார்ட்டிமர் என்ற எழுத்தாளர் எழுதியது. 1978 முதல் 1992 வரை தொடராக வந்தது. அதில் ரம்போல் என்ற வயதான வக்கீல், கோர்ட்டில் நீதிபதியையே எதிர்த்து நிற்பார். வீட்டுக்குப் போனால் நடுங்குவார். மனைவியின் பெயர் ஹில்டா. ஆனால் அவள் காதுக்கு எட்டாத இடங்களில் அவர் அவளுக்கு வைத்திருக்கும் பெயர், 'கட்டாயம் கீழ்ப்படியப்பட வேண்டியவள்' என்பது. அந்தப் பட்டம் மார்ட்டிமரின் சொந்தச் சரக்கல்ல. ரைடர் ஹாகர்ட் 1887-இல் புத்தகமாக வெளியிட்ட 'ஷீ' என்ற நாவலில், ஆப்பிரிக்காவில் யாரும் அறியாத ஓர் இடத்தில் ஆட்சி செய்யும் ராணிக்கு உரிய பட்டம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து லண்டனில் ஓர் அடுப்பங்கரைக்குச் சூட்டிவிட்டார்.

"இந்த ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் ஐயா, நான் வீடு வாங்கினேன்" என்றார் நண்பர். "கட்டளை என்றால் கீழ்ப்படிய வேண்டும். கீழ்க்கட்டளை என்றால் கேட்க வேண்டுமா? ரம்போல் மட்டும் தமிழராக இருந்திருந்தால் இங்கேதான் குடி வந்திருப்பார்."

உள்ளேயிருந்து, "என்ன சிரிப்பு அங்கே?" என்று ஒரு குரல் வந்தது. நண்பர் சட்டென்று கடலைத் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவருக்கு மிகவும் பிடித்தமானது ரம்போல் அல்ல. 'மைண்டர்' என்ற தொடர். 1979 முதல் 1994 வரை நடந்தது. ஆர்தர் டேலி என்ற தரகுப் பேர்வழிதான் கதாநாயகர். ஜார்ஜ் கோல் என்ற நடிகர் அந்த வேஷத்தில் வெளுத்து வாங்கினார். பழைய கார், திருட்டுச் சாராயம், குதிரைப் பந்தயம், எதையும் விற்கக் கூடியவர், எவரையும் ஏமாற்றக் கூடியவர். இந்த மனிதருக்கும் ஒரு சம்சாரம் உண்டு. அவளுக்குப் பெயர் கிடையாது. "எர் இன்டோர்ஸ்" என்பார். அதாவது, 'உள்ளே இருக்கிறவள்'. "உள்ளே இருக்கிறவள் கோபிப்பாள்", "உள்ளே இருக்கிறவளுக்கு அது பிடிக்காது" என்று பேச்சுக்குப் பேச்சு அவள் வருவாள். திரையில் மட்டும் வரமாட்டாள். ஒரு தடவைகூட. அந்தச் சொல் தெருவில் புழங்கி, ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

அந்தத் தேசத்து டெலிவிஷனில் இது ஒரு வழக்கம்போல் இருக்கிறது. 1968 முதல் 1977 வரை வந்த 'டாட்ஸ் ஆர்மி'யில் காப்டன் மெயின்வாரிங்கின் மனைவியையும் காட்டவே மாட்டார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து பதுங்கும் அறையில் ஒரே ஒரு முறை, மேல் படுக்கை கனத்தால் கீழ்நோக்கித் தொங்குவதைக் காட்டினார்கள். அதுதான் அம்மாளின் தரிசனம்.

நண்பர் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது காப்பியைக் கொண்டுவந்து வைத்த அவருடைய மனைவி, ஒரு கேள்வி கேட்டார். "இதையேதான் ஈஸ்ட்ஹாமில் வாராவாரம் பார்ப்பார். எனக்கு அப்போ இங்கிலீஷ் அரைகுறை. ஆனா அந்த அம்மா எப்படி இருப்பா, என்னிக்காவது காட்டுவாங்கன்னுதான் நானும் கூட உக்காந்து பார்த்தேன். கடைசிவரைக்கும் காட்டலையே, ஏன்?"

எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். 'உள்ளே' என்ற சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆர்தர் டேலி புதிதாக என்ன சொல்லிவிட்டார்? தமிழன் ஈராயிரம் வருஷமாகச் சொல்லி வருவதைத்தானே சொன்னார்! இல் என்றால் வீடு. வீட்டில் இருப்பவள் இல்லாள். மனை என்றாலும் வீடுதான். அதில் இருப்பவள் மனைவி. அகம் என்றாலும் வீடு. அதை உடையவள் அகமுடையாள். வாயில் போட்டு மென்று அதை ஆம்படையாள் ஆக்கினோம். அகம் ஆமாகி, ஆத்துக்காரியும் வந்தாள். மற்றவர்கள் வீட்டுக்காரி என்றார்கள். எங்கள் செங்கற்பட்டுச் சீமையில் 'ஊட்டுல' என்றாலே போதும். "ஊட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் சுவரையும் கூரையையும் கேட்டுவிட்டுச் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொற்களில் சிலவற்றுக்கு ஆண் ஜோடி கிடையாது. மனைவிக்கு மனைவன் இல்லை. இல்லாளுக்கு இல்லான் உண்டு. ஆனால் அவன் கணவன் அல்ல, கையில் காலணா இல்லாத தரித்திரன். அகமுடையான் தப்பித்து ஆம்படையான் ஆனான். மற்றபடி வீடு அவள் பெயரில் இருக்கிறது, பத்திரம் அவன் பெயரில் இருக்கிறது.

பெயர் சொல்லாத விஷயமும் நம்மிடம் இன்று நேற்று வந்ததல்ல. காதலைப் பாடும் அகப்பாட்டுக்குத் தொல்காப்பியர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். அதில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, இவ்வளவுதான். பெயர் வந்துவிட்டால் அது அகம் அல்ல, புறம். இந்தச் சட்டம் எவ்வளவு கடுமை தெரியுமா? நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுவதும் கணவனைப் பிரிந்த ஓர் அரசியின் தனிமையைச் சொல்வது. ஒருவர் பெயரும் வரவில்லை. ஆனால் பாசறையிலே ஒரு வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஒரு வரி வந்துவிட்டது. வேம்பு பாண்டியனுடைய அடையாளப் பூ. ஆகவே இன்னான் என்று தெரிந்துபோயிற்று. இது அகம் அல்ல, புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு வேப்பிலை பாட்டின் ஜாதியையே மாற்றிவிட்டது!

அப்படியானால் சங்க காலத்துப் பெண் தன் காதலனை எப்படித்தான் குறிப்பிட்டாள்? அவன் ஊரை வைத்துத்தான். மலைப்பக்கத்தான் என்றால் வெற்பன், நாடன். வயல்பக்கத்தான் என்றால் ஊரன். கடற்கரைக்காரன் என்றால் சேர்ப்பன், துறைவன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் மகிழ்நன். இன்றைக்கும் பழைய வீடுகளில் பெண்கள் ஒருவருக்கொருவர், "உங்க பல்லாவரத்தார் வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொள்வதுண்டு. அந்த அம்மாளுக்குக் குறுந்தொகை தெரிந்திருக்க நியாயமில்லை. குறுந்தொகைக்கு அவளைத் தெரிந்திருக்கிறது.

நேருக்கு நேர் கூப்பிடுவதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். அத்தை மகனையோ அம்மான் மகனையோ கட்டிக்கொண்ட பெண், பாவாடை கட்டிய நாளில் அவனை எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே கல்யாணத்துக்குப் பிறகும் கூப்பிட்டாள்: அத்தான், மச்சான். தாய்மாமனையே கட்டிக்கொண்டால் மாமா. பிறகு உறவே இல்லாத இடத்தில் கொடுத்த பெண்ணும் அந்தச் சொற்களைக் கடன் வாங்கிக்கொண்டாள். 'அத்தான்' என்பதற்குச் சினிமா கொடுத்த மவுசு தனி. 1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் சுசீலா பாடிய பாட்டுக்குப் பிறகு, அத்தை மகனே இல்லாத பெண்களும் அத்தான் அத்தான் என்று முணுமுணுத்தார்கள். 'பிராண நாதா', 'ஸ்வாமி' என்பவை அதற்கு முன்பே புராணப் படங்களோடு பெட்டிக்குள் போய்விட்டன.

பிராமண வீடுகளில் 'ஏன்னா' ஆட்சி செய்தது. மற்ற இடங்களில் 'என்னங்க', 'ஏங்க', 'இந்தாங்க'. யாழ்ப்பாணத்தில் 'இஞ்சாருங்கோ' என்பார்கள். 'இங்கே பாருங்கோ' என்பது அன்பினால் உருகி அப்படி ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் எனக்கு அழகாகப் படுவது அதுதான். பெயர் எதற்கு? இந்தப் பக்கம் பார்த்தால் போதும் என்கிறது அந்தச் சொல். குழந்தை பிறந்துவிட்டாலோ கஷ்டமே இல்லை. குழந்தையின் பெயரைச் சொல்லி அதன் அப்பா, அதன் அம்மா என்று கூப்பிட்டு விடலாம். உலகத்தில் பல தேசங்களில் இந்த வழக்கம் இருப்பதைக் கண்ட டைலர் என்ற மானிடவியல் அறிஞர், 1889-இல் அதற்கு ஒரு கிரேக்கப் பெயர் சூட்டினார். அவர் சூட்டியதோடு சரி; நம் பாட்டிமார்கள் அவரைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் என் தாயாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட இதே கீழ்க்கட்டளையில், என் சிறு வயதில் ஏரித் தண்ணீர் பாய்கிற நெல் வயல்கள் இருந்தன. எங்களுக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. என் தகப்பனார் பெயரை நான் இங்கே அச்சிடப் போவதில்லை. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஓர் எண் இருக்கிறதல்லவா? அதோடு ஒரு மலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பதிப் பெருமாளை நினைத்து வைத்த பெயர். எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் மேல்தான் விழ வேண்டும்.

அந்தப் பெயரால் அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. களத்தில் நெல் அளக்கும்போது, "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, அவரு, எட்டு" என்றுதான் எண்ணுவாள். ஒருமுறை நெல் வாங்க வந்த வியாபாரி, 'அவரு' என்பது கணக்கில் சேருமா சேராதா என்று சண்டைக்கே வந்துவிட்டான். நான் படித்த வகுப்பைக் கேட்டால், "எட்டாவதுக்கு முந்தினது" என்பாள். மலை என்று வாயால் சொல்ல மாட்டாள். பல்லாவரத்து மலை அவளுக்கு 'கல்லுமேடு'. பரங்கிமலை ஸ்டேஷனுக்கு நல்லவேளையாக 'மவுண்டு' என்று இன்னொரு பெயர் இருந்தது. அவளுடைய விரதத்தை இங்கிலீஷ்காரன் காப்பாற்றினான்.

நாங்கள் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார். அவர் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார் என்று யாரும் கவனித்ததில்லை. "இந்தா" என்பார். சில சமயம் "ஏ" என்பார். கோபம் இல்லாத சமயத்தில் "இந்தா, உன்னைத்தான்" என்று ஒரு சொல் அதிகமாக வரும்.

அப்பா காலமாகி மூன்று மாதம் கழித்து, நிலத்துப் பட்டாவை மாற்றுவதற்காக ஒரு சர்க்கார் ஆபீஸுக்கு அம்மா போனாள். எனக்கு அப்போது பத்து வயது. துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, "புருஷன் பேர்?" என்று கேட்டார். அம்மா ஒரு கையை முழுவதும் விரித்தாள். மற்றொரு கையில் இரண்டு விரலை நிமிர்த்தினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பித் தூரத்துக் குன்றைக் காட்டினாள். குமாஸ்தா அனுபவஸ்தர். அவர் மேஜைக்கு முன்னால் வந்து விரலைக் காட்டிய முதல் பெண்பிள்ளை இவள் அல்ல. ஒரு வார்த்தை பேசாமல் சரியாக எழுதிக்கொண்டார்.

"உன் பேர்?"

"அவரு பெண்சாதி."

"அது தெரியுதம்மா. உன் பேர் என்ன?"

அம்மா சும்மா நின்றாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்த பெண் பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்குப் பகீரென்றது. எனக்கும் தெரியாது. பத்து வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத் தாயாரின் பெயர் தெரியாது! ஊரில் அவள் இன்னார் பெண்சாதி, இன்னான் அம்மா, மேலண்டை வீட்டுக்காரி. பிறந்த வீட்டார் அவளை 'பாப்பா' என்றார்கள். கடைசியில் அவள் ஒரு பெயரைச் சொன்னாள். வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். குரல் எழும்பவில்லை, குமாஸ்தா இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிற்பாடு சிலப்பதிகாரத்தைப் படித்தபோது, மற்றவர்கள் கண்ணகியின் கோபத்தைக் கண்டு வியந்தார்கள். எனக்கு அவள் பாண்டியனுக்குச் சொன்ன பதில்தான் வியப்பாக இருந்தது. யார் நீ என்று அரசன் கேட்கிறான். அவள் தன் ஊரைச் சொல்கிறாள், மாசாத்துவானைச் சொல்கிறாள், கோவலன் என்று கணவன் பெயரைச் சொல்கிறாள். கண்ணகி என்று தன் பெயரையும் சொல்கிறாள். நிறைந்த சபையில், ஒரு மூச்சில், இரண்டு பெயர்களையும்! இத்தனைக்கும் கோவலன் செல்லப் பெயர் வைப்பதில் மன்னன். மனையறம் படுத்த காதையில் அவளைப் பொன் என்கிறான், முத்து என்கிறான், கரும்பு என்கிறான், தேன் என்கிறான். அதற்கு அடுத்த காதையிலேயே மாதவி வீட்டுக்குப் போய்விடுகிறான். செல்லப் பெயர்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றைச் செலவில்லாமல் வழங்கலாம் என்பதை மட்டும் இளங்கோவடிகள் தெரிந்து வைத்திருக்கிறார்.

என் தாயார் தனி ஆள் அல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தது. வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஒப்புக்கொள்ளவில்லை; பெயர் இருந்தால்தான் ஓட்டு என்றார். சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து விழுந்துபோனார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய வடபகுதிகளில் நடந்தது இது. நம் பக்கத்துக்காரர்கள் அதைப் பற்றி மார் தட்டிக்கொள்ளலாம். நான் தட்டிக்கொள்ளத் தயாராயில்லை. குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

கணவன் பெயரை மனைவி சொல்லாததைப் பற்றி நம்மிடம் எத்தனை ஹாஸ்யக் கதைகள்! மனைவி பெயரைக் கணவன் சொல்லாததைப் பற்றி ஒரு கதைகூட நான் கேட்டதில்லை. மனைவி சொல்லாவிட்டால் என்ன? ஆபீஸில், கடையில், கல்யாணப் பத்திரிகையில் ஊரே அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் பெயரை யார் சொன்னார்கள்?

1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறந்தார்கள். சில வருஷங்களில் எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் பெட்டி வந்தது. சாலிடேர் பெட்டியா, டயனோரா பெட்டியா என்று அந்த நாளில் பெரிய விவாதம் நடக்கும்; இரண்டும் நம் சென்னைச் சரக்கு. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' போடுகிற நேரத்துக்குத் தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் இருக்கும். அம்மாவும் போவாள். ஒருநாள் ஏதோ ஒரு நாடகத்தில், பட்டணத்துப் பெண் ஒருத்தி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திண்ணையில் இருந்த கிழவிகள் 'சிவ சிவா' என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா பொத்திக்கொள்ளவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "அந்தப் பொண்ணு கூப்பிட்டா சரி, அவனும் அவளைப் பேர் சொல்லித்தானேடா கூப்பிட்டான்?" என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

இப்போது காலம் மாறிவிட்டது. என் மருமகள் என் மகனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். சில நாள் அதையும் பாதியாகச் சுருக்கி, 'டா' போட்டுக் கூப்பிடுகிறாள். பதிலுக்கு அவனும் 'டி' போடுகிறான். முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது அவர்கள் கூப்பிடாமல் இருந்தால்தான் என்னவோ சண்டை என்று கவலையாக இருக்கிறது.

நண்பர் வீட்டுக்குத் திரும்புகிறேன். காப்பி குடித்து முடித்த பிறகு அவரிடம் கேட்டேன்: "ஐயா, நாற்பது வருஷமாக உங்களைத் தெரியும். உங்கள் வீட்டு அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் கடிதங்களிலும் 'வீட்டில் சௌக்கியம்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்."

அவர் ஏதோ ஹாஸ்யம் சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த தொடரை நிறுத்தினார். ஆர்தர் டேலி வாயைத் திறந்தபடி திரையில் நின்றுபோனார். நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உள்பக்கம் திரும்பி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நல்ல பெயர், மூன்றெழுத்து.

பதில் வரவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கூப்பிட்டார்; இந்தத் தடவை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார்.

கழுவுகிற சத்தம் நின்றது. அந்த அம்மாள் ஈரக்கையைப் புடைவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்து, கூடத்தில் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

"யாரைக் கூப்பிட்டீங்க?" என்றார்.